கொடுக்காப்புளியின் குரல்

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் குரல் கேட்டபோது பிரமிளாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஊரடங்கின் ஐந்தாவது வாரம் அது. கொரோனா போய்ப் பதினான்கு வருஷம் கழித்து வந்த இந்த நோய்க்கு ஜனங்கள் நுரைக்காய்ச்சல் என்று பேர் வைத்திருந்தார்கள். சாலிகிராமத்துத் தெருக்களில் நாய்களைத் தவிர நடமாட்டமே இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்காக 'சித்திரமாலை' என்ற நிறுவனம் தன்னிடம் இருந்த பழைய படங்களையும் கார்ட்டூன்களையும் இலவசமாகத் திறந்துவிட்டிருந்தது. பிரமிளாவும் அவள் கணவர் ஞானசேகரும் தினம் மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர் முப்பத்தைந்து வருஷம் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். "மழை சீன்ல பாரு, அது மழை இல்ல, வாணலியில கடுகு பொரியுற சத்தம்" என்று எதையாவது கண்டுபிடித்துச் சொல்வார். அவள் டப்பிங் கலைஞர். கதாநாயகி வாயைத் திறப்பதற்குள் வசனத்தைச் சொல்லிவிடுவாள். சண்டையும் சிரிப்புமாக மதியம் கழிந்துவிடும். வெளியே ஆம்புலன்ஸ் போகும்போது மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டுவார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து இப்போது கேட்டது கொடுக்காப்புளியின் குரல். அது ஒரு அணில். எங்கோ ஐரோப்பாவில் வரைந்த கார்ட்டூன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தமிழ்த் தொலைக்காட்சிக்கு அது வந்தபோது பிரமிளாதான் அதற்குப் பேரும் வைத்துக் குரலும் கொடுத்தாள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் சோறு தின்றார்கள்.

"என்னங்க, இங்க வாங்களேன். பக்கத்து வீட்டுக் குட்டி நம்ம அணிலைப் பாக்குது" என்று கூப்பிட்டாள்.

அவர் வருவதற்குள் அந்தக் குரல் சொன்னது: "மிதுலா, கேரட்டை ஓரமா ஒதுக்கிட்டியா? எனக்குத் தெரியுமே!"

பிரமிளாவின் கை சுவரிலேயே நின்றது. எந்த ஒலிப்பதிவுக்கூடத்திலும், எந்த வருஷத்திலும், மிதுலா என்ற பேரை அவள் உச்சரித்ததில்லை.

மிதுலாவுக்கு எட்டு வயது. அவளும் அவள் அம்மா கோகிலவாணியும் மட்டும்தான் அந்த வீட்டில். கோகிலவாணி மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவளை ஆம்புலன்சில் ஏற்றிப் போனார்கள். குழந்தைக்கும் தொற்று இருந்தது, ஆனால் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடையாது. தொற்று உள்ள பிள்ளையைக் காப்பகமும் சேர்க்காது. தாய்மாமன் சேலத்தில் இருந்தான், மாவட்ட எல்லைகளை மூடிவிட்டார்கள். அதனால் நோய்த்தடுப்புக் குழு வீட்டு வாசலில் தகரத்தை அடித்து, சாப்பாடு கொடுக்க முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை வெட்டிவிட்டுப் போய்விட்டது. உள்ளே குழந்தைக்குத் துணையாகச் சித்திரமாலை கொடுத்த ஒரு திரையைச் சுவரில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். தகரம் அடிக்கும் சத்தம் கேட்டபோது பிரமிளா தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஞானசேகருக்கு ஆஸ்துமா. அதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு பன்னிரண்டு நாளும் அந்தக் கதவுப்பக்கம் அவள் போகவில்லை.

ஞானசேகர் சுவரில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"பிரமி, இது நீ இல்ல."

"என் குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் உன்னுதுதான். ஆனா நீ நீளமான வசனத்துக்கு முன்னாடி லேசா ஒரு மூச்சு எடுப்ப. அதை வெட்டி வெட்டியே என் பாதி ஆயுசு போச்சு. இது மூச்சே எடுக்கல. உன்னோட பழைய பதிவுகளை வச்சு மெஷின் பேசுது. அந்தப் பொண்ணு கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லுது."

சுவருக்கு அப்பால் குழந்தை ஏதோ கேட்டது. சரியாகக் காதில் விழவில்லை. பதில் மட்டும் தெளிவாக விழுந்தது.

"அம்மாவா? நாளைக்கு வந்துருவாங்க செல்லம். நீ இப்போ சமத்தா தூங்குவியாம்."

அந்தச் 'செல்ல'த்தில் பிரமிளாவின் முத்திரை இருந்தது. கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கி, கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி. அதை அவள் சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, பார்க்காத பிள்ளைகளையெல்லாம் அப்படித்தான் கொஞ்சினாள்.

மறுநாள் காலை சாப்பாடு கொண்டுவந்த வேளாங்கண்ணியைப் படிக்கட்டில் பிடித்தாள். வேளாங்கண்ணி நோய்த்தடுப்புக் குழுவில் வேலை செய்கிறவள். நாற்பது வயதிருக்கும். கவச உடைக்குள் வியர்த்து ஊறிப்போயிருந்தாள்.

"கோகிலவாணி இன்னிக்கு வராளாமே? நல்லாயிடுச்சா?"

வேளாங்கண்ணி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"யாரும்மா சொன்னது? அந்தம்மா போன திங்கக்கிழமையே தவறிட்டாங்க. அடக்கமும் ஆஸ்பத்திரிக்காரங்களே பண்ணிட்டாங்க."

"குழந்தைகிட்ட..."

"நாங்க சொல்லக் கூடாதும்மா. உத்தரவு. தகரம் எடுக்கற அன்னிக்கு ஆலோசகர் வந்து சொல்லுவாங்களாம். அதுவரைக்கும் அந்த டிவி பாத்துக்கும்னு எழுதியே குடுத்திருக்காங்க."

பிரமிளா வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் இரண்டே முறைதான் அவளுக்கு இப்படிக் கோபம் வந்திருக்கிறது. இரண்டு முறையும் யாரையாவது அறைந்திருக்கிறாள்.

சித்திரமாலையில் பொறுப்பான ஆளைப் பிடிக்க மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. அவன் பேர் அவினாஷ். நாற்பதுக்குள் இருக்கும். வீடியோ அழைப்பில் அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

"மேடம்! நீங்களா! நான் சின்ன வயசுல கொடுக்காப்புளி பேசினாத்தான் பால் குடிப்பேனாம். அம்மா இன்னும் சொல்லுவாங்க."

"உக்காருங்க. என் குரலை வச்சு என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"துணைத்திரைத் திட்டம் மேடம். தனியா அடைபட்ட குழந்தைங்களுக்காக. பழைய கார்ட்டூன் ஓடும், நடுவுல அணில் குழந்தைகிட்ட பேசும், சாப்பிட வைக்கும், தூங்க வைக்கும். உங்க ஒப்பந்தத்துல 'இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்'னு இருக்கு. எங்க வக்கீல் பாத்துட்டாங்க."

"நான் ஒப்பந்தத்தைப் பத்திக் கேக்கல. பக்கத்து வீட்டுக் குழந்தையோட அம்மா செத்து ஒம்போது நாளாச்சு. நாளைக்கு வருவாங்கன்னு என் குரல் சொல்லுது. தினமும் சொல்லுது. யார் சொல்லச் சொன்னா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"நிபுணர் குழு முடிவு மேடம். எட்டு வயசுக் குழந்தை, பூட்டின வீட்டுல தனியா இருக்கு. அதுகிட்டப் போய் இந்தச் செய்தியைச் சொன்னா என்ன ஆகும்? மொத வாரம் சொல்லிப் பாத்தோம். ஒரு பையன் பால்கனியிலேர்ந்து இறங்கப் பாத்திருக்கான். மூணாவது மாடி." அவன் குரல் இறங்கியது. "நான் ராட்சசன் இல்ல மேடம். நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு மனுஷியை அனுப்புவேன்."

"யாரு போவா? தொற்று இருக்கற வீட்டுக்குள்ள எந்த மனுஷி போவா?"

பன்னிரண்டு நாளாகச் சாத்தியிருந்த ஜன்னல் பிரமிளாவின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை நினைத்ததுமே கோபம் இன்னும் ஏறியது.

"எத்தனை குழந்தைங்க?"

"திரை மாட்டினது நாலாயிரத்துச் சொச்சம். அதுல பெத்தவங்களை இழந்தது முந்நூத்திப் பதினொண்ணு. நேத்து வரைக்கும்."

"முந்நூத்திப் பதினோரு குழந்தைங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டிருக்கேன்."

"நீங்க இல்ல மேடம், சிஸ்டம்..."

"குரல் யாரோடது?"

"எல்லாக் குரலையும் வச்சுப் பாத்தோம். நடிகருங்க, டீச்சருங்க, டாக்டருங்க. உங்க குரலைத்தான் குழந்தைங்க உடனே நம்புச்சு. அழுகை எழுபது சதவீதம் குறைஞ்சிருக்கு. உண்மையா இது உங்களுக்குப் பெருமை."

"டேய்" என்றாள் பிரமிளா. தொழில்ரீதியாக அவள் யாரையும் ஒருமையில் பேசியதில்லை. "பால் குடிக்க வச்ச குரலை வச்சு என்னத்தைடா ஊத்திட்டிருக்கே பிள்ளைங்க வாயில? உடனே எடு. எடுக்கலேன்னா, மூச்சு இருக்கற வரைக்கும் ஒவ்வொரு வாசல்லயும் போய் நின்னு கத்துவேன். என் நிஜக் குரல் எவ்வளவு தூரம் கேக்கும்னு உனக்குத் தெரியாது."

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. 'தங்கள் ஆட்சேபத்தை மதிக்கிறோம். நாளை காலை ஏழு மணி முதல் தங்கள் குரல் எந்தத் திரையிலும் ஒலிக்காது.'

ஞானசேகர் அதை இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டானா?" என்று மட்டும் சொன்னார். பிரமிளா அதைக் காதில் வாங்கவில்லை. ஜெயித்துவிட்ட நிம்மதியில் அவளுக்குப் பசித்தது. அன்றைக்கு நெய் ஊற்றிச் சாப்பிட்டாள். அதை நினைத்துப் பிற்பாடு பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

காலை ஏழரைக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் அணில் பேசியது.

"மிதுக்குட்டி, எழுந்துட்டியாடா? அம்மா பேசறேன்."

பால் பாத்திரம் பிரமிளாவின் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் பரவியது. அது கோகிலவாணியின் குரல். மருந்துக்கடைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் நின்று "அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லும் அதே கொஞ்சம் கட்டைக் குரல்.

ஞானசேகர் எழுந்து வந்தார். ஒரு நிமிஷம் கேட்டார். கேட்கும்போதே முகம் வெளுத்துவிட்டது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து அவ மூணு நாள் அந்தத் திரை வழியாத்தான் குழந்தைகிட்ட பேசினாளாம், வேளாங்கண்ணி சொன்னா. அதைப் பதிவு பண்ணி வச்சிருக்கானுங்க. மூணு நாள் பேச்சு இருந்தா போதும் பிரமி, எது வேணா பேச வைக்கலாம்."

அவினாஷ் அழைப்பை எடுக்கவில்லை. ஒரு செய்தி மட்டும் அனுப்பினான். 'மேடம், மாற்றுக் குரல் தேர்வில் இதுவே அதிக மதிப்பெண் பெற்றது. இறந்தவரின் குரலுக்கு ஆட்சேபம் தெரிவிக்க ஆள் இல்லை என்பதால் சட்டச் சிக்கலும் இல்லை. புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.'

பிரமிளா அதை முழுக்கப் படிக்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"பிரமி, உள்ள போனா உன்னையும் சேத்து அடைச்சிருவாங்க" என்றார் ஞானசேகர்.

"அடைக்கட்டும். நீங்க கதவைச் சாத்திட்டு உள்ளயே இருங்க. மாத்திரையெல்லாம் ஃபிரிட்ஜ் மேல இருக்கு."

அவர் சாத்தவில்லை. உள்ளே போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்து எட்டி நீட்டினார். "கத்தியால ஆணி வராது. இதோட பின்பக்கத்தால நெம்பு."

ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கப் பிடுங்க அவள் ஒவ்வொருவரையாகத் திட்டினாள். அவினாஷை, நிபுணர் குழுவை, தகரம் அடித்தவனை, ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட இருபத்தைந்து வயதுப் பெண்ணை, ஜன்னலைச் சாத்திக்கொண்ட கிழவியை. தகரம் கீழே விழுந்தபோது மூன்று மாடியும் அதிர்ந்தது. எல்லா வீட்டு ஜன்னலிலும் முகங்கள் தெரிந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை.

உள்கதவு தாழிடாமல் இருந்தது. தள்ளிக்கொண்டு போனாள்.

மிதுலா திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் காணாத தலை, கழுத்து கிழிந்த சட்டை. இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். திரையில் அணில் வாலை ஆட்டிக்கொண்டு, "ஏன்டா கண்ணு அம்மாகிட்ட பேச மாட்டேங்குற? நாளைக்கு வந்துருவேன்டா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

"அணைக்க முடியாது. சுவிட்ச் இல்ல" என்றாள் குழந்தை, தலையைத் தூக்காமல்.

பிரமிளா திரையின் பின்னால் கைவிட்டு, கைக்குக் கிடைத்த ஒயரையெல்லாம் பிடித்து இழுத்தாள். சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. அணில் வாய் திறந்தபடி அணைந்தது.

"மிதுலா..." என்றாள்.

குழந்தை சுட்டுக்கொண்டவள் போலப் பின்னால் நகர்ந்தாள். கண்ணை அகல விரித்துப் பிரமிளாவைப் பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"இல்லடா, அது..."

"பேசாதீங்க!"

பிரமிளா நிறுத்திக்கொண்டாள்.

"எங்கம்மா செத்துட்டாங்க. எனக்குத் தெரியும். சாப்பாடு குடுக்கற ஆன்ட்டி வெளிய நின்னு போன்ல சொன்னாங்க, ஓட்டை வழியா கேட்டுச்சு. அன்னிக்கே தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டு, அழாமல், அவள் பேசினாள். "அதுக்கப்புறம் தினமும் அதுகிட்ட கேட்டேன். அம்மா எப்ப வருவாங்கன்னு. ஒரு நாளாவது நிஜத்தைச் சொல்லுதான்னு பாத்தேன். சொல்லவே இல்ல. நேத்து வரைக்கும் நீங்க பொய் சொன்னீங்க. இன்னிக்கு எங்கம்மாவையும் பொய் சொல்ல வச்சுட்டீங்க."

அதற்கு ஒரு பதில் இருந்தது. நீளமான, நியாயமான பதில். நான் இல்லை, ஒரு மெஷின், எனக்குத் தெரியாது, நான் சண்டைதான் போட்டேன். அதைச் சொல்ல அவளிடம் ஒரு குரல்தான் இருந்தது. அது இந்த வீட்டில் செல்லாது.

பிரமிளா தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இல்லை, எதிர்ச் சுவரோரமாக. நோய்த்தடுப்புக் குழு வந்து வாசலில் நின்று கத்தியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. அவளையும் உள்ளே வைத்து இன்னும் பதினான்கு நாளுக்குத் தகரம் அடித்தார்கள். திரையை மறுபடி மாட்ட உள்ளே வரப் பார்த்தவனுக்குச் சுத்தியலைக் காட்டினாள். அவன் வரவில்லை.

அதன் பிறகு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேண்டியதைக் கணக்கு நோட்டில் எழுதிக் காட்டினாள். 'எண்ணெய் தேய்க்கட்டுமா?' 'ரசமா, தயிரா?' குழந்தை தலையை ஆட்டும், அல்லது ஆட்டாது. இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின் நடுவே, வாயில் சோற்றோடு, மிதுலா அழ ஆரம்பித்தாள். நெடுநேரம் அழுதாள். பிரமிளா அவள் முதுகைத் தடவினாள். 'செல்லம்' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

வெளியே ஞானசேகர் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தார். பத்திரிகைகளுக்கு எழுதினார், டப்பிங் கலைஞர்கள் சங்கத்துக்கு எழுதினார். ஒரு பத்திரிகை போட்டது. அடுத்த நாளே சித்திரமாலை விளக்கம் கொடுத்தது: தாயின் குரல் வந்த பிறகு அழுகை எண்பத்தாறு சதவீதம் குறைந்திருக்கிறது, மூன்று மாநிலங்கள் இந்தத் திட்டத்தைக் கேட்டிருக்கின்றன. அந்தக் காகிதத்தைத் தகர ஓட்டை வழியாக அவர் உள்ளே தள்ளினார். பிரமிளா படித்துவிட்டு, அதைச் சுக்குநூறாகக் கிழித்து, கிழித்ததை மறுபடியும் கிழித்தாள். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் வந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கிழித்தது.

ஆறாம் நாள் ஞானசேகர் ஒரு பென்டிரைவை அனுப்பினார். கூட ஒரு சீட்டு. 'நம்ம அலமாரியில் கிடைத்தது. அந்தக் கார்ட்டூனின் பழைய பிரதி. படம் இருக்கும், வசனம் கிடையாது, இசையும் சத்தமும் மட்டும். டப்பிங்குக்கு வந்தது. இதில் யாரும் பேச மாட்டார்கள்.'

கோகிலவாணியின் பழைய டிவியில் போட்டார்கள். அணில் மரத்தில் ஓடியது, தடுக்கி விழுந்தது, வாயை வாயைத் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. மிதுலா முதல் பாகத்தை அப்படியே பார்த்தாள். இரண்டாம் பாகத்தில், மெதுவாக, அணிலின் வாய் அசையும்போது அவளே பேச ஆரம்பித்தாள்.

"எங்கம்மா செத்துட்டாங்க. யாரும் எங்கிட்ட சொல்லல." அணில் ஒரு கொட்டையை எடுத்துக் கீழே வீசியது. "நாளைக்கு வருவாங்கன்னு சொன்ன எல்லாரையும் நான் கடிப்பேன். மூக்கைக் கடிப்பேன். காதைக் கடிப்பேன்."

உதட்டசைவோடு ஒரு வரியும் ஒட்டவில்லை. பாதி வசனம் அணில் வாயை மூடிய பிறகு வந்தது. பிரமிளா முப்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு கவனமாக யாருடைய பேச்சையும் கேட்டதில்லை.

திரையில் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு நரி வந்தது. மிதுலா நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நரி நீங்க பேசுங்க. அதுதான் பொய் சொல்லும்."

ஆறு நாள் பேசாத தொண்டை கரகரத்தது. அணிலின் குரலை அவள் தொடவில்லை. தொழிலில் கற்ற எந்தக் குரலையும் தொடவில்லை. நரி வாயைத் திறந்தபோது, அறுபது வயசுப் பெண்பிள்ளையின் கட்டிப்போன குரலில் சொன்னாள்.

"அணிலே, உங்கம்மா இனிமே வரமாட்டாங்க. இதைச் சொல்ல நான் அன்னிக்கே வந்திருக்கணும். பயந்துகிட்டு வரல."

நரி வாயை மூடிக்கொண்டது. இசை மட்டும் ஓடியது. மிதுலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணில் வாயைத் திறக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"தெரியும். லேட்டாதான் வந்திருக்க" என்றது அணில். "உக்காரு."